ஏழு கட்டத்தில் இரண்டு

மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டினால் எவ்வளவு? என் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தந்த விடை, ஏழில் இரண்டு. வினாடி வினா செயலி சிவப்பில் தப்புக் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. என் திரையில் அவள் பெயருக்கு நேரே, 'பின்னம்: 40%'. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவளுக்குப் பின்னம் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவதா?

அன்று வகுப்பு முடியும் முன், டேப்லெட்டில் ஆளுக்கு 40 வினாடி பேசிப் பதிவு செய்யச் சொல்லியிருந்தேன். "எந்தக் கணக்கில் தயங்கினாய், அப்போது என்ன யோசித்தாய்?" இவ்வளவுதான் கேள்வி. அவள் பேசியது இது: "ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன், ஒன்றுக்கு வண்ணம் அடித்தேன். இன்னொரு தாளில் நான்கு கட்டம், அதிலும் ஒன்று. மொத்தம் ஏழு கட்டம். வண்ணம் அடித்தது இரண்டு."

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். படம் போட்டிருக்கிறாள், எண்ணியிருக்கிறாள், நியாயத்தோடுதான் விடைக்கு வந்திருக்கிறாள். இரண்டு தாளிலும் கட்டங்கள் ஒரே அளவா என்பதைத்தான் பார்க்கவில்லை. அந்த 40 சதவீதத்தில் இது எங்கே இருந்தது?

சரியான விடையை நான் சொல்லவில்லை. "ஏழில் இரண்டு பெரியதா, மூன்றில் ஒன்று பெரியதா?" என்று மட்டும் பேசி அனுப்பினேன். அவளிடமிருந்து வந்த பதிவில் வெகுநேரம் பென்சில் உரசும் சத்தம். பிறகு, "மிஸ், கூட்டினால் கூடத்தானே வேண்டும்? குறைந்திருக்கிறதே!"

வேகமாகத் தொட்டவருக்குக் கூடுதல் புள்ளி, உடனுக்குடன் தரவரிசை. இப்படிப்பட்ட கருவிகளைத்தான் வகுப்பறைக்குள் வாங்கிக் குவிக்கிறோம். அடிக்கடி சோதித்துப் பார்த்தால் பாடம் மனத்தில் நிற்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் யோசனை எங்கே தடம் மாறியது என்று அவை சொல்வதில்லை. அதைக் கேட்க, எல்லா டேப்லெட்டிலும் ஏற்கெனவே இருக்கும் ஒலிப்பதிவு வசதியே போதும்.

இந்தப் பதிவுகளுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியரின் குறிப்பை மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. தவிர, மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை தான் தடுமாறிய இடத்தை வாய்விட்டுச் சொல்லும்? "எல்லாம் நன்றாகப் புரிந்தது மிஸ்" என்று 32 பதிவுகள் வந்து சேரும்.

இத்தனையையும் கேட்க நேரம் ஏது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 32 பேருக்கு 40 வினாடி வீதம், 21 நிமிடம்தான் ஆகிறது. தினமும் முடியாது, வாரத்துக்கு ஒருமுறை முடிகிறது.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்கிறேன். பருவம் முடிந்ததும் பழைய பதிவை அந்தந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டிவிட்டு, அவர்கள் எதிரிலேயே அழித்துவிடுகிறேன். என்னை நம்பித் தங்கள் குழப்பத்தைச் சொன்ன குரல்கள் அவை. எந்த நிறுவனத்தின் சர்வரிலும் அவை தங்கிக் கிடக்கக் கூடாது.