ஜப்பானில் வெளிநாட்டவருடனான திருமணங்கள் உச்சத்தில் உள்ளனவா? இல்லை

"மக்கள்தொகை சரிவதால் ஜப்பானியர்கள் வெளிநாட்டவரை மணப்பது ஆண்டுதோறும் புதிய உச்சம் தொடுகிறது, மணந்தாலே குடியுரிமை" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

உச்சம் வந்துபோனது 2006-இல். அந்த ஆண்டு பதிவானவை 44,701. மொத்தத் திருமணங்களில் சுமார் 6 சதவீதம். 2021-இல் அது 16,496 ஆகச் சுருங்கியது. 2023-இல் 18,475. பலரும் பகிரும் வரைபடம் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிக் காட்டுகிறது. கொரோனாவில் எல்லைகள் மூடிக்கிடந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்கினால் எதுவும் ஏறுமுகமாகத்தான் தெரியும்.

சரிவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று விசா. 2006-இல் நடந்தவற்றில் பெரும்பங்கு ஜப்பானிய ஆண்கள், சீன, பிலிப்பைன்ஸ் பெண்களை மணந்தவை. பிலிப்பைன்ஸிலிருந்து கலைஞர் விசாவில் (பாடகர், நடனக் கலைஞர் போன்றோருக்கான விசா) ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்டோர் வந்துகொண்டிருந்தனர். அந்நாட்டு அரசு தரும் கலைஞர் சான்றிதழே போதும் என்ற விதியை 2005-இல் ஜப்பான் நீக்கியது. ஆள் கடத்தல் குறித்த கண்டனங்களுக்குப் பிறகு எடுத்த, தேவையான முடிவு அது. வருகை குறைந்தது, திருமணங்களும் குறைந்தன.

குடியுரிமை தானாக வராது. ஜப்பானில் தொடர்ந்து 3 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அல்லது மணமாகி 3 ஆண்டுகள் கடந்து, அங்கே 1 ஆண்டு வசித்திருக்க வேண்டும். அதுவும் விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. நீதி அமைச்சர் அனுமதிக்க வேண்டும். மணமுடித்ததும் கேட்கக்கூடியது வாழ்க்கைத்துணை விசா. தகுந்த காரணமின்றி 6 மாதங்களுக்கு மேல் துணையாக வாழவில்லை என்றால் அதையே ரத்து செய்யலாம். இந்தியர்களுக்கு இன்னொன்று: ஜப்பானியக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.