பட்டம் இருக்கட்டும், திட்டம் எங்கே?

தேர்தல் வந்துவிட்டால் போதும், நமது இலங்கை மலையகத்துச் சுவர்களில் வேட்பாளர்களின் படிப்புப் பட்டங்கள் பூத்துக் குலுங்கும். படித்தவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புங்கள் என்கிறார்கள். அனுப்பலாம். உள்ளே போய் எதற்காக மல்லுக்கட்டுவார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நோட்டன் பிரிட்ஜ் மின் நிலையத்துக்குப் பெயர் தந்த டி. ஜே. விமலசுரேந்திர காலியில் பிறந்த பொறியியலாளர். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் வீணே பாய்வதைப் பார்த்து, அந்த நீரில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கணக்கோடு கட்டுரை வாசித்தார். மேலிடம் அசையவில்லை. பிறகு தொடங்கிய வேலையும் பணமில்லை என்று நின்றது. மனிதர் ஓய்வுபெற்று வீட்டில் முடங்கவில்லை. சர்வசன வாக்குரிமையோடு நடந்த 1931 தேர்தலில் இரத்தினபுரியில் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்து, அங்கேயும் லக்சபான என்ற அந்த நீர்மின் திட்டத்தைத்தான் பேசினார். 1950இல் லக்சபான மின்சாரம் கொடுத்தது. கட்டுரைக்கும் விளக்குக்கும் இடையே 32 ஆண்டுகள்!

அதே 1950இல், அந்த மலைகளில் கொழுந்து பறித்த நம்மவரில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. மின்கம்பி தலைக்கு மேலே கொழும்புக்குப் போக, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் குப்பி விளக்கு புகைந்தது. இதற்கு விமலசுரேந்திரவைக் குறை சொல்ல மாட்டேன். சபைக்குள் நம் லயத்துக்காக அப்படி விடாப்பிடியாக நிற்க ஆளில்லாமல் செய்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

பொறியியல் மட்டும் போதுமா என்றால், போதாது. மண்ணும் தெரிய வேண்டும். 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே உத்தரவில் தடை போட்டார்கள். கந்தப்பளையில் சித்தப்பாவின் லீக்ஸ் பாத்தி நுனியிலிருந்து மஞ்சளாகி வந்தது. விரல் தடிமனுக்கு மேல் தண்டு பருக்கவில்லை. அவர் பாத்திக்குள் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தார். வருடம் முடியுமுன் அரசே பின்வாங்கியது. மண்வெட்டி பிடித்த நாலு பேர் அந்த மேசையில் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்கள்: மாற்று உரம் எங்கே, எத்தனை மூட்டை, எப்போது வரும்?

அடுத்த முறை துண்டுப்பிரசுரத்தோடு யார் வாசலுக்கு வந்தாலும் நான் அவரை, லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குக் கூட்டிப் போவேன். மாசி, பங்குனியில் அங்கே தண்ணீர் நூலாகத்தான் இறங்குகிறது. குழாயை எந்த ஊற்றிலிருந்து இழுப்பீர்கள், நடுவில் கிடக்கும் தோட்டக் காணிக்கு அனுமதி யாரிடம் வாங்குவீர்கள் என்று கேட்பேன். பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.