இந்த நாட்டில் என்ன இருக்கு என்று கேட்ட தம்பிக்கு

மூன்று வருசமாக என்னோடு கடையில் நிற்கிற தம்பி அடுத்த கிழமை வெளிநாடு போகிறான். எந்த நாடு, எந்த வழி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். காணியை ஈடு வைத்த கதையும் எனக்குத் தெரியும். போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை, எரிந்துபோன மோட்டர் ஒன்றின் பழைய கம்பியை உருவிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. இந்த நாட்டிலை என்ன இருக்கெண்டு நீங்கள் இஞ்சை நிக்கிறியள்?"

என் கையில் ஃபுட் வால்வு (கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடியில் பூட்டுவது) இருந்தது, வாயில் பதில் இருக்கவில்லை. "ரெண்டு தேத்தண்ணி சொல்லிப்போட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். அன்று தொடக்கம் அந்தக் கேள்வி மண்டைக்குள் கிடக்கிறது. கதைக்க வராதது எழுத வரலாம் என்று இரவு இதைத் தொடங்குகிறேன். நீளமாகத்தான் வரும், நேரமில்லாதவர்கள் கடந்து போகலாம்.

முதலில் ஒரு உண்மை. நான் நாட்டுப்பற்றால் நின்றவன் இல்லை. 2003 இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்த அடுத்த வருசம், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஏழு கிழமை கிடந்தேன். ஏஜென்சிக்காரன் இன்றைக்கு, நாளைக்கு என்றான். பிறகு போனையே தூக்கவில்லை. அம்மாவின் தாலிக்கொடி போனது போனதுதான். ஊரில் முகம் காட்ட வெட்கப்பட்டு இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, மருதனார்மடத்தில் அப்பா மூடி வைத்திருந்த மோட்டர்க் கடையைத் திறந்தேன். ஆகவே "மண்ணை விட்டுப் போகாத மனிதர்" என்று யாரும் கொமெண்ட் போட வேண்டாம். அந்தக் கள்ளன் நேர்மையானவனாக இருந்திருந்தால் நானும் இப்போது ஏதாவது ஒரு பனிக்குள் நின்று உங்களுக்கு மண்வாசனைக் கவிதை எழுதிக்கொண்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் ஆளை ஆள் கண்டால் கேட்பது "எந்த ஊர்?" என்றுதான். நாடு என்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்விப் புத்தகத்தில் இருந்தது. பிறகு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது இருந்தது. பெப்ரவரி 4 அன்று கொடியைப் பார்த்து எனக்கு நெஞ்சு விம்முவதில்லை. விம்ம வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். 1948 இல் சுதந்திரம் கிடைத்த கையோடு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1956 இல் என் அப்பப்பாவின் மொழிக்கு அரச அலுவலகங்களில் இடமில்லாமல் போனது. எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது யாழ்ப்பாண நூலகம் 97,000 புத்தகங்களோடு எரிந்தது. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான், இன்னும் அடுக்கவில்லை.

ஆனால் ஒக்டோபர் 30 பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். 1995 ஒக்டோபர் 30. ஆமி யாழ்ப்பாணத்தை நெருங்க, வலிகாமமே இடம்பெயர்ந்து றோட்டில் நின்றது. எனக்குப் பதினாறு வயது. மழை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு இரவும் போய் அடுத்த நாள் மத்தியானமும் ஆனது. எல்லாரும் பாயும் சட்டி பானையும் கட்டினார்கள். அப்பா சைக்கிள் கரியரில் கட்டியது மண்ணெண்ணெயில் ஓடுகிற இரண்டு இஞ்சி வாட்டர் பம்பை. அம்மா வழி முழுக்க அவரைப் பேசிக்கொண்டு வந்தா.

இந்தக் கதையை நாங்கள் வருசாவருசம் சொல்லுகிறோம், சொல்லவும் வேண்டும். அதற்குச் சரியாக ஐந்து வருசத்துக்கு முன்பு, 1990 இல் இதே ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியே போகச் சொல்லிப் புலிகள் அனுப்பினார்கள் என்பதை எத்தனை பேர் சொல்லுகிறோம்? அப்பா பேரிங்கும் போல்ட்டும் வாங்குகிற இரும்புக்கடை சோனகதெருப் பக்கம் இருந்தது. கடைக்கார நானா எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தோடம்பழ இனிப்புத் தருவார். அந்தக் கிழமை போனபோது கடை பூட்டியிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் நான் இந்த மண்ணின் பிள்ளை. (துரோகி என்று எழுத வருபவர்கள் வரிசையில் வரவும். எனக்கு வரிசை பழக்கம்.)

பிறகு, சாதி என்ற சொல்லை எடுக்காமலே சாதியை அறிகிற எங்கள் மூன்று கேள்விகள். கிணறு கிணறாக இறங்கித் திரிகிறவன் நான், எனக்கு இது மனப்பாடம். எந்த ஊர்? ஊரிலை எவடம்? ஆற்றை மகன்? மோட்டர் எரிந்து மிளகாய்க் கன்று வாடிக்கொண்டிருந்தாலும், இந்த மூன்றுக்கும் பதில் கேட்டுவிட்டுத்தான் கிணற்றடிக்கு விட்ட வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் எனக்குத் தேத்தண்ணி வந்த கிளாசையும் தம்பிக்கு வந்த கிளாசையும் பார்த்துவிட்டு நான் குடிக்காமலே வந்திருக்கிறேன். அது நூறு வருசத்துக்கு முந்திய கதையில்லை, போன வருசத்துக் கதை.

சரி, இவ்வளவையும் எழுதிவிட்டுப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்லுவது?

இடம்பெயர்ந்து மீசாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஆறு மாதம் இருந்தோம். எங்களோடு ஒன்பது குடும்பம் அந்த வளவுக்குள். அந்த வீட்டு ஐயாவும் முதல் நாள் மூன்று கேள்வியும் கேட்டார். பதிலைக் கேட்டார், கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு கிணற்றடியைக் காட்டினார். அப்பா பம்பைப் பூட்டினார். மண்ணெண்ணெய் பொன் விலை விற்ற காலம். நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, ஒன்பது குடும்பமும் நிரப்பும் மட்டும் ஓடவிட்டு உடனே நிறுத்துவார். நாங்கள் திரும்பி வரும்போது அந்த ஐயா பம்புக்கு என்று ஒரு போத்தல் மண்ணெண்ணெய் தந்து விட்டார். கேள்வி கேட்டதும் அவர்தான், போத்தல் தந்ததும் அவர்தான். எனக்கு இந்த நாட்டை நினைத்தால் அந்த ஐயாவின் முகம்தான் வரும், வேலியைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரமும் சேர்த்து.

இன்னொரு முகம் பஞ்சிகாவத்தையில். கொழும்பில் உதிரிப்பாகம் வாங்கப் போகிறவர்களுக்கு அந்த இடத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை. வைண்டிங் கம்பிக்கு நான் போவது ஒரு சிங்கள முதலாளியிடம். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் சேர்ந்தால் ஒரு முழு மொழி வரும். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனபோது செப்புக் கம்பி விலையைக் கேட்கவே பயம். கடையைப் பூட்டுவோமா என்று யோசித்த நேரம் அவரே போன் எடுத்தார். கம்பியைப் பஸ்ஸில் போட்டுவிட்டேன், எடுத்துக்கொள் என்றார். காசு? "சல்லி பஸ்ஸே, மல்லி." காசு பிறகு, தம்பி. எழுத்து இல்லை, செக் இல்லை. அவருடைய சொந்தக்காரப் பெடியன் ஒருவன் ஆமியில் இருந்து கிளிநொச்சிப் பக்கம் செத்தவன் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக் கதை அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கதைக்க வேண்டுமா என்பதும் எனக்கு விளங்கவில்லை. கடனை ஏழு மாதத்தில் கட்டினேன்.

அந்த 2022 பற்றி யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் ஒரு களவுச் சிரிப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை என்று நாடே அழுதபோது, கரண்டே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்த நாங்கள் அடுப்படிப் பரணில் இருந்து அந்தப் போத்தலைத் தேடி எடுத்தோம். என் கடைக்குப் பழைய மண்ணெண்ணெய் மிசின்கள் வரத் தொடங்கின. ஆனால் அந்தச் சிரிப்பும் ஓகஸ்ட்டில் நின்றது. மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340. வெங்காயம் செய்தவர்கள் மிசினைத் திருத்தி எடுத்துக்கொண்டு போய், ஓட்ட வழியில்லாமல் மூடி வைத்தார்கள். அந்த முடிவை எடுத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மா அதே வருசம் நெஞ்சு வருத்தத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தா. விடிய ஐந்து மணிக்கே கிளினிக் கொப்பியோடு வரிசை. துண்டு கொடுக்கிறவர் அம்மாவின் வயதுக்காரரை எல்லாம் "நீ, வா, போ" என்றார். சில குளிசை இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். எரிச்சல் எரிச்சலாக வந்தது. கடைசி நாள் துண்டு வெட்டி அனுப்பும்போது எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன், பழக்க தோசம். அந்தப் பிள்ளை என்னை விசித்திரமாகப் பார்த்தா. ஒரு சதமும் இல்லை. நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த வருசத்தில், ஒரு மோட்டர் திருத்துகிறவனின் தாய்க்கு ஒரு சதமும் இல்லை.

வார்டில் தெற்கில் இருந்து வந்த ஒரு சின்ன டொக்டர் பிள்ளை இருந்தா. தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் ஒரு குட்டிக் கொப்பியில் எழுதி வைத்துப் பார்த்துப் பார்த்துக் கேட்பா. "அம்மா, வலிக்குதா?" அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னா, "பிள்ளை, வலிக்குதா எண்டு படத்திலைதான் கேட்பினம். நோகுதோ எண்டு கேளும்." அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளை கட்டிலடிக்கு வந்து, கொப்பியைப் பார்க்காமல், "அம்மா, நோகுதோ?" என்றா. நெஞ்சு வருத்தக்காரி கட்டிலில் எழும்பி இருந்துவிட்டா.

கடைசியாகத் தண்ணீர். இதை எழுதாவிட்டால் நான் மோட்டர்க்காரன் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது, மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை விழுகிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நாங்கள் குடிப்பது அந்த மிதக்கிற தண்ணீரைத்தான். நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அப்பப்பா காலத்தில் ஒருவர் துலா மிதிக்க ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, கிணறு எவ்வளவு தரக்கூடியதோ அவ்வளவுதான் எடுக்க முடிந்தது. மனுசனுக்குக் களைக்கும் வேகத்தில் கிணறு ஊறிவிடும். பிறகு மிசின் வந்தது. மிசினுக்குக் களைப்பதில்லை. நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சக் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறுகிறது. போதாததற்கு யூரியாவும் மலசலகூடக் குழியும் இறக்குகிற நைத்திரேற்று. சுன்னாகப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தில் என் கடைக்கு வந்த பம்புகளைத் திறந்தால் கராஜ் மாதிரி மணத்தது. இந்த மிசின்களை ஓட வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். ஆகவே நாட்டைக் கெடுத்தவர்கள் பட்டியலில் என் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கிறது.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அண்ணன் ஒவ்வொரு கார்த்திகையும் போன் எடுத்துக் கேட்பது என்னை எப்படி இருக்கிறாய் என்று இல்லை. "கிணத்திலை எத்தினை முழம்?" என்றுதான். நான் கயிறு விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு தண்ணீர் கட்டுக்குக் கிட்ட ஏறி, கையால் தொடலாம் போல நிற்கிற இரண்டு மூன்று கிழமை இருக்கிறதே, அதை அவனுக்குப் போனில் எப்படிக் காட்டுவது? விடியற்காலை யாரோ ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் மாறுகிற சத்தம், செம்மண் நனைகிற மணம். அவனுடைய குழாயில் வருவது எங்களுடையதைவிடச் சுத்தமான தண்ணீர். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நேற்று கோப்பாயில் வெளி ஓரமாக ஒரு தோட்டத்து மோட்டர். தம்பி வைண்டிங் கட்டிய கடைசி மோட்டர். அவனே பூட்டினான், அவனே சுவிட்சைப் போட்டான். தண்ணீர் வந்தது. கையில் ஏந்திக் குடித்துவிட்டுத் துப்பினான்.

"உப்பு, அண்ணை."

தோட்டக்காரர் போன சித்திரையில் இருந்தே இப்படித்தான் என்றார். மோட்டரை நிறுத்தச் சொன்னேன். ஃபுட் வால்வை இரண்டு முழம் மேலே தூக்கிக் கட்டச் சொன்னேன். கனநேரம் ஓட விடாதேங்கோ, கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் விட்டு எடுங்கோ என்று தோட்டக்காரருக்குச் சொன்னேன். தம்பி கிணற்றுக்குள் இறங்கிக் கயிற்றை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினான். ஒரு மணித்தியாலம் வரம்பில் இருந்தோம். பயணத்துக்குக் குளிர்ச் சட்டை வாங்கியதா என்று கேட்டேன், இன்னும் இல்லை என்றான். பிறகு எழும்பிப் போய்ச் சுவிட்சைப் போட்டு, ஒரு கை ஏந்தி, வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினான்.

"இப்ப குடிக்கலாம், அண்ணை."