ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்

போன லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் எங்கள் பிள்ளைகள் கூட்டத்துக்காகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். பதினான்கு பிள்ளைகள், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. இறந்துபோன லாசருவை இயேசு உயிரோடு எழுப்பியதைச் சொல்லி முடித்திருந்தேன். வழக்கமாக வாயே திறக்காத ஒரு ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான்: “அண்ணே, எங்க ஆச்சிக்காக வீட்ல எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணினோம். ஆச்சி ஏன் பிழைக்கல?”

“ஆண்டவருடைய சித்தம் தம்பி” என்ற பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது. எனக்கும் அந்த வயதில் அதைத்தான் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு, இந்த மாதிரி விஷயத்தைப் பெரியவர்களிடம் கேட்கக் கூடாது போல என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் பல வருடம் கேட்கவே இல்லை. அதனால் அன்று “எனக்குத் தெரியலடா” என்றேன். அப்புறம் யோவான் 11ஆம் அதிகாரத்தை மறுபடியும் திறந்தோம். லாசருவை எழுப்பப் போவது தெரிந்தும், அழுகிறவர்களோடு சேர்ந்து இயேசுவும் கண்ணீர் விடுகிற இடத்தை வாசித்தோம். “ஆச்சியைப் பத்திச் சொல்லேன்” என்றேன். முந்தானையில் காணிக்கைக் காசை முடிந்து வைத்திருந்து, கோயில் வாசலில் அவிழ்த்து அவன் கையில் தருவார்களாம். பத்து நிமிஷம் பேசினான். மற்ற பிள்ளைகள் சத்தமே போடவில்லை. (அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

நம் சபைகளில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். சண்டே ஸ்கூல் ஆக்‌ஷன் பாட்டுக்குக் கையசைக்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. வாலிபர் கூட்டத்திலோ வேலை, கல்யாணம் என்று பேச்சு போகிறது. சபையில் முழு அங்கத்தினராகச் சேர ஆயத்தப்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்புக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. கேள்விகள் பிறப்பதோ சரியாக இந்த நடுவில்தான். நோவாவின் பேழைக்குள் என்னென்ன மிருகம் இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, திடீரென்று ஒருநாள், பேழைக்கு வெளியே இருந்த சின்னக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்கிறது. இயேசு வளர்ந்த வருடங்களைப் பற்றிச் சுவிசேஷங்கள் விவரமாகச் சொல்கிற ஒரே சம்பவமும் அவருடைய பன்னிரண்டாம் வயதில்தான் நடக்கிறது. லூக்கா 2ஆம் அதிகாரம். தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கிறார், அவர்களிடமே கேள்வியும் கேட்கிறார். அவர்கள் யாரும் அவரை அதட்டியதாக எழுதியிருக்கவில்லை.

பயம் காட்டி விசுவாசத்தைக் கொடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு முகாமில் இரகசிய வருகையைப் பற்றி, அதாவது இயேசு திடீரென்று வந்து தம்மை விசுவாசிக்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொள்வார் என்று, பிரசங்கம் கேட்டேன். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, உள்ளே ஒருவரும் இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. எல்லாரையும் ஆண்டவர் எடுத்துக்கொண்டார், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று முற்றத்தில் நின்று அழுதேன். அம்மா பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தாள். அதன்பின் மூன்று வருடம், ஒவ்வொரு முகாமிலும் ‘ஆண்டவருக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்’ என்றதும் முதல் ஆளாகத் தூக்கினேன். அது அன்பினால் தூக்கிய கை இல்லை. பயந்த பிள்ளையின் கை எவ்வளவு சீக்கிரம் உயருமென்று எனக்குத் தெரியும். அதனால் எங்கள் அறையில் யாரையும் கை தூக்கச் சொல்வதில்லை.

ஞாயிறு பள்ளி எப்படிப் பரவியது என்று நினைத்துப் பார்க்கிறேன். 1780இல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. அந்த ஒருநாளில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று நம் பிள்ளைகளுக்கு அந்த ஒருநாளும் மிஞ்சவில்லை. எட்டாம் வகுப்பிலேயே நீட் கோச்சிங், அதுவும் ஞாயிறு காலையில். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாரம் முழுக்க மார்க் வாங்கி வாங்கிக் களைத்த பிள்ளையிடம் நாமும் வசனப் போட்டி வைத்து மார்க் போட வேண்டுமா? நாங்கள் நிறுத்திவிட்டோம். வசனம் படிக்கிறோம், பரிசு கிடையாது.

அதற்குப் பதிலாக ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறோம். பெயர் எழுதாமல் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடலாம். சுண்டல் தின்று முடித்ததும் ஒரு சீட்டை எடுப்போம். “ஜெபம் பண்ணும்போது தூக்கம் வந்தா பாவமா?” என்று ஒன்று வரும். “கடவுள் மேல கோபப்படலாமா?” என்று இன்னொன்று. அந்தக் கேள்விக்கு 88ஆம் சங்கீதத்தை வாசித்தோம். கடைசி வரிவரைக்கும் புலம்பல்தான், ஒரு துதிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் பைபிளில் வைத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம்.

“சாமி கும்பிடுற என் ஃபிரண்டு ரொம்ப நல்லவன். அவன் நரகத்துக்குப் போவானா?” என்ற சீட்டு வந்த அன்று நான் தடுமாறித்தான் போனேன். தீர்ப்புச் சொல்கிற வேலை நம்முடையது இல்லை, அவனை நேசிக்கிற வேலை உன்னுடையது என்றேன். இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் நண்பர்களோடு விளையாட்டுக்கு வருவார்கள். அவர்கள் அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் ஒருவரையும் உட்கார வைப்பதில்லை. பெற்றோருக்கு மறைத்துச் சொல்கிற சுவிசேஷத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு விஷயத்திலும் கண்டிப்பாக இருக்கிறோம்: எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்தே இருக்க வேண்டும், எந்தப் பிள்ளையோடும் யாரும் தனியாக இருக்கக் கூடாது. சபைப் போதகரான ஐயரானாலும் சரி, அண்ணனானாலும் சரி.

கூட உதவி செய்த அக்கா கல்யாணமாகி வெளியூர் போகிறார்கள். வேறு யாரும் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் கூட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கும். பாடத் தெரிய வேண்டாம், பிரசங்கம் பண்ண வேண்டாம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து பாயில் உட்கார்ந்து, பிள்ளைகள் பேசுவதைக் குறுக்கே பேசாமல் கேட்க முடிகிறவர்கள் நம் சபையில் இருந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள்.