பீரோவில் பூட்டிய புத்தகங்கள்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பாடத்தைக் கடகடவென்று படிப்பான். மூச்சு விடுகிற இடம்கூட வகுப்பே சேர்ந்து சொல்லும்போது விடுகிற அதே இடம்தான். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலராக 2022இல் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்த முதல் வாரம், அவன் படிப்பதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருநாள் அதே பக்கத்தில், நடுவரியில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். உடனே அவன் பதில் சொல்லவில்லை. பாடத்தின் முதல் வரியிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அப்படி வந்தால்தான் அந்தச் சொல் அவனுக்குக் கிடைக்கும்.

ஒரு தாளில் 'பொம்மை' என்று எழுதிக் காட்டினேன். "பெ..." என்றான். துணைக்கால் வந்ததும் நின்றுவிட்டான். என் முகத்தைப் பார்த்து, "பென்சிலா அக்கா?" என்றான்.

அவனை மக்கு என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பாடம் முழுவதையும் மனத்தில் ஏற்றி வைத்திருக்கிற பிள்ளை அவன். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருவான். அவன் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய வருடம் பள்ளிக்கூடமே இல்லை. 2020 மார்ச்சில் சாத்திய கதவு, 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. அதற்குள் அவன் இரண்டாம் வகுப்புப் பாதியைத் தாண்டியிருந்தான். 'அ' எழுதிப் பழக வேண்டிய வயதில் வீட்டில் இருந்தவனிடம் பத்தி பத்தியாகப் பாடத்தை நீட்டினோம். அவனுக்குத் தெரிந்த வழியில், காதால் படித்துச் சமாளித்திருக்கிறான்.

தமிழ் எழுத்து 247 என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் ஒரு குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 'பொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலி மட்டும் நடுவில் இருக்கும் ப-வில் தொடங்குகிறது. கண் மூன்றையும் ஒரே பார்வையில் அள்ள வேண்டும். கெ, கே, கொ, கோ நான்கையும் தனித்தனியாகக் கேட்டால் சரியாகச் சொல்லும் பிள்ளைகூட, ஒரு வரிக்குள் அவை வந்தால் திணறும். இது விளக்கிச் சொல்லி வருகிற விஷயமே இல்லை. அந்த எழுத்தை நூறு இடத்தில், நூறு வேறு வேறு சொல்லில், அடுத்து என்ன நடக்கும் என்ற ஆசையோடு பார்த்தால்தான் கண் பழகும். ஒரு பாடப் புத்தகம் மட்டும் அதற்குப் போதாது. நாலாவது முறை படிக்கும்போது அது மனப்பாடமாகிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். வயல் வேலையும் கல்குவாரி வேலையும் முடித்துவிட்டு, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்து எழுத்துக் கற்ற காலம். ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அந்த இயக்கத்தோடு சேர்ந்துதான். அம்மாவும் அங்கேதான் எழுதப் படிக்கக் கற்றார். கைநாட்டு போய்க் கையெழுத்து வந்தது. பஸ் போர்டைப் படித்துத் தனியாகப் புதுக்கோட்டை டவுனுக்குப் போய்வந்த அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இயக்கம் ஓய்ந்த பிறகு அம்மா கையில் படிக்க எதுவும் இல்லை. வீட்டில் பத்திரிகை கிடையாது. கதைப் புத்தகம் என்ற ஒன்றை யாரும் அவரிடம் நீட்டியதே இல்லை. கையெழுத்தும் பஸ் போர்டும் நின்றன, மற்றதெல்லாம் கரைந்துபோனது. "எழுத்தெல்லாம் தெரியும் பாப்பா, சேத்துப் படிக்கத்தான் வரலை" என்பார். முப்பது வருடம் கழித்து அந்தப் பையன் என் திண்ணையில் செய்ததும் அதேதான்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று நான் எழுத மாட்டேன். அது பொய். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையில் வைத்துச் சொல்லித்தருவது சரியான யோசனை. அதே வருடம் செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசியோடு வந்து பத்து மணிக்குச் சுருண்டுவிடும் பிள்ளைகளைப் பார்த்தவள் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். பிறகு வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் பள்ளிகளுக்கு வந்தன. அந்தப் பெயர்களை வைத்தவர்களைக் கும்பிடலாம். கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் ஆய்வின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, நம் கிராமப்புறத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை என்றது. 2024 அறிக்கையில் அந்த எண் கொரோனாவுக்கு முந்தைய அளவைச் சற்றுத் தாண்டிவிட்டது. உழைத்த ஆசிரியர்களுக்கு அந்தப் பெருமை சேரட்டும். ஆனாலும் இந்திய சராசரியில் பாதிகூட நாம் இல்லை. மதிய உணவுக்கு நாட்டுக்கே வழி காட்டிய மாநிலம் இது.

சரி, அந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன? நான் பார்த்த ஒரு பள்ளியில் அவை தலைமை ஆசிரியர் அறையில், பச்சை பீரோவுக்குள், கட்டுப் பிரிக்காமல் இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. "ஏன் டீச்சர் பிள்ளைகளுக்குக் கொடுக்கலை?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. மேசையிலிருந்து இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். வரிசை எண், புத்தகத்தின் பெயர், வந்த தேதி, எத்தனை பிரதி எல்லாம் அவர் கையெழுத்தில் முத்து முத்தாக இருந்தது. "ஆய்வுக்கு வந்தா இதைத்தான்மா மொதல்ல கேப்பாங்க. பத்து குறைஞ்சா நான் பதில் சொல்லணும். இன்னும் மூணு வருசத்துல ரிட்டயர்டு. தணிக்கையில மாட்டி பென்சன் இழுத்துக்கிட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவேன்?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த டீச்சர் பிள்ளைகளைப் பிடிக்காதவர் இல்லை. அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அதாவது ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மிச்சம் ஒருவர். அவர்தான் பாடம் நடத்த வேண்டும், எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும், சத்துணவையும் பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் புத்தகம் தொலைந்தால் தண்டனை, பூட்டி வைத்தால் ஒரு கேள்வியும் இல்லை என்று ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, அவர் ஏன் திறக்கவில்லை என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

அதனால் நான் கேட்பது இதுதான். தொடக்கப் பள்ளிக் கதைப் புத்தகத்தைச் சாக்பீஸ் மாதிரி கணக்கில் வையுங்கள். சாக்பீஸ் தேய்ந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. குழந்தை கைபட்ட புத்தகம் இரண்டு வருடத்தில் கிழியும், கிழியத்தான் வேண்டும். வருடத்துக்கு இத்தனை புத்தகம் தொலையலாம், கிழியலாம், அதை வரவு செலவிலிருந்து கழித்துவிடலாம் என்று தெளிவாக ஓர் அரசாணை வந்து, அது கடைசி ஈராசிரியர் பள்ளி வரைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி எண்ணிக்கையைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டு, எந்தப் புத்தகம் அதிகம் அழுக்காகியிருக்கிறது என்று கேட்கட்டும். கூடவே தினமும் அரை மணி நேரம் பிள்ளைகளைச் சும்மா படிக்க விட வேண்டும். படித்த பிறகு கேள்வி கேட்கக் கூடாது, நோட்டில் எழுதச் சொல்லக் கூடாது, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லவும் கூடாது.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: என் திண்ணையில் நடந்தது. புத்தகத் திருவிழாவில் நாற்பது குழந்தைப் புத்தகம் வாங்கி வந்து, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம், பேர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதத்தில் பதினொன்று காணாமல் போயின. அதில் ஒன்று மட்டும், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கிடைத்தது. அட்டை இல்லை, ஓரமெல்லாம் மஞ்சள் கறை. அந்தப் பையனின் வீடு. அவன் பாட்டி அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அதையே படித்துக் காட்டுவானாம். நான் ஒரு பக்கத்தைப் பிரித்து, நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்தேன். "கொக்கு" என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நாற்பது புத்தகத்துக்கு எனக்கு ஆன செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய். என் ஒரு மாத ஊக்கத்தொகையைவிட இருநூறு அதிகம். ஓர் அரசாங்கத்துக்கு இது ஒரு செலவே இல்லை. நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. 1948இலேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. ஊர்ப்புற நூலகமும் தொடக்கப் பள்ளியும் பல ஊர்களில் ஒரே தெருவில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் வாரம் ஒருமுறை ஒரு பை புத்தகம் போய்வர யார் தடுக்கிறார்கள்?

பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிள்ளையை ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் விரல் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு இன்னொரு செய்தி. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றியெல்லாம் பேசுகிறோம். போன கூட்டத்தில் நாங்கள் புத்தகத்தைப் பற்றியும் பேசினோம். டீச்சர், "எழுத்துல குடுங்கம்மா, நாளைக்கே தொறக்கிறேன்" என்றார். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதை அப்படியே கீழே தருகிறேன். உங்கள் ஊர்க் கூட்டத்தில் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"பீரோவில் உள்ள கதைப் புத்தகங்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் கையில் கொடுக்கவும், வீட்டுக்கு எடுத்துச் செல்ல விடவும் இக்குழு தீர்மானிக்கிறது. கிழிந்தாலும் தொலைந்தாலும் தலைமை ஆசிரியரைக் கேட்கக் கூடாது. எங்களைக் கேட்கவும்."

பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். ஒருவர்கூடக் கைநாட்டு வைக்கவில்லை.