பன்றி சுட ரிவால்வர் வாங்கலாமா?

கொடைக்கானல் மேல்மலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "காட்டுப்பன்றியைச் சுட விவசாயிகளுக்கே அரசு அனுமதி கொடுத்துவிட்டது, 44 மேக்னம் ரிவால்வர் வாங்குங்கள், 44 என்று போட்ட எந்தத் தோட்டாவும் அதில் சேரும்."

இரண்டுமே தப்பு. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது வேறு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். பூம்பாறையில் பூண்டுப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டதே என்று நாமே சுட்டால் வழக்குதான். பயிர்க் காவலுக்கென்று ஆயுதச் சட்டம் சொல்வதும் குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை, ரிவால்வரை அல்ல.

சரி, தோட்டா விஷயம். 44 மேக்னம் ரிவால்வரில் அதற்கு முந்தைய 44 ஸ்பெஷல் தோட்டாவைப் போடலாம். அது நீளத்தில் கொஞ்சம் குட்டை, சக்தியும் குறைவு. மேக்னத்தை ஸ்பெஷல் ரிவால்வரில் போடக்கூடாது. 1955-இல் வந்த மேக்னத்தின் கூட்டை (மருந்து அடைத்த உலோக உறையை) நீளமாக்கியதே அது பழைய ஸ்பெஷல் ரிவால்வருக்குள் நுழையாமல் இருக்கத்தான். 44-40 என்ற பழைய தோட்டாவுக்குக் கூட்டின் வடிவமே வேறு, மேக்னம் ரிவால்வரில் சேராது. இத்தனைக்கும் 44 (0.44 அங்குலம்) என்பது பெயருக்குத்தான், குண்டின் விட்டம் 0.429 அங்குலம்!

பன்றி வயலுக்கு வந்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.