மரநாய் உள்ளே, வலை வெளியே

மறுபடியும் மத்தியானம் ரெண்டு மணிக்கு, மரநாய் வந்துபோற கூரை ஓட்டையை அடைச்சிருக்காங்க. ரெண்டு மணிக்கு! அடைச்சுட்டு, "இப்பத்தான் சத்தம் ஜாஸ்தியா இருக்கு, ஏன்?"னு ஒரு கேள்வி வேற.

ஏன்னா அது உள்ள இருக்கு சாமி. மரநாய் நைட் ஷிஃப்ட் பார்க்கற பிராணி. இருட்டினதும் கிளம்பும், விடியறதுக்குள்ள திரும்பும், பகல் முழுக்க உங்க ஃபால்ஸ் சீலிங் மேல சுருண்டு தூங்கும். பகல்ல அடைச்சா அதை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டினதா ஆகும், விரட்டினதா ஆகாது.

பெங்களூர் அல்சூர்ல ஒரு பழைய வீடு. மேல மங்களூர் ஓடு, கீழ ஜிப்சம் போர்டு, நடுவுல ரெண்டடி இருட்டு. ராத்திரியானா பாஸ்மதி சோறு வேகற வாசனை. பக்கத்து வீட்ல பிரியாணின்னு மூணு மாசமா நினைச்சுட்டு இருந்திருக்காங்க. அது மரநாய் வாசனை. (புனுகும் இது இல்ல. புனுகு தர்றது புனுகுப்பூனை, அது வேற ஜாதி.) விஷயம் தெரிஞ்சதும் ஒரு 'எக்ஸ்பர்ட்' வந்தார். கையில ஒரு கேன் ஃபோம் (அடிச்சா பொங்கி இறுகற நுரை), கொஞ்சம் கோழிவலை, ஒரு ஸ்டேப்ளர். இறவாணத்துல, அதான் கூரை ஓரத்துல, கைமரத்துக்கும் சுவருக்கும் நடுவுல நாலு இஞ்ச் சந்து. ஃபோமைப் புஸ்ஸுன்னு அடிச்சார், வலையை ஒட்டினார், "ஏனூ ஆகல்ல சார்"னு (ஒண்ணும் ஆகாதாம்) காசை வாங்கிட்டுப் போயிட்டார்.

அன்னிக்கு சாயங்காலம் 7.15-க்கு முதல் பிறாண்டல். அவருக்கு போன் போட்டா, "சத்தம் வந்தா ஓடுதுன்னு அர்த்தம் சார்." எங்க ஓடும்? கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்குத்தான் ஓடிச்சு, இருபது தடவை. 7.40-க்கு குட்டிங்க கீச்சுகீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுது. ஆமா, குட்டி இருக்கான்னு யாரும் பார்க்கவே இல்ல. 8.30-க்கு டவுன்லைட் ஆடிச்சு. 8.50-க்கு லைட் வயர்ல தொங்க, அந்த வட்ட ஓட்டையில ஒரு மூக்கு. வீட்ல எல்லாரும் சோபா மேல. ஒன்பதுக்கு, மாசக்கணக்கா அது கக்கூஸா வச்சிருந்த இடத்துல, டீல தோய்ச்ச பிஸ்கட் மாதிரி ஊறிப்போயிருந்த போர்டு பொத்துன்னு விட்டுது. தாய், போர்டு, சப்போட்டா கொட்டையோட புழுக்கை, எல்லாம் சேர்ந்து கட்டில் மேல. புது பெட்ஷீட். தாய் பீரோ மேல ஏறி உட்கார்ந்து இவங்களைப் பார்த்துச்சு, இவங்க அதைப் பார்த்தாங்க. பத்து மணிக்கு யாரோ வாசக்கதவைத் திறக்க, கவுரவமா நடந்து வெளிய போச்சு. 10.20-க்கு முகட்டு ஓடு ஒண்ணை நெம்பிட்டு குட்டிங்ககிட்ட திரும்பி வந்துருச்சு.

அவர் அடைச்ச ஓட்டை மட்டும் இன்னிக்கு வரைக்கும் பத்திரமா அடைஞ்சிருக்கு.

இதுல என்ன ராக்கெட் விஞ்ஞானம் இருக்குன்னு கேக்கறேன். சாயங்காலம் சந்து வாசல்ல மைதா மாவைத் தூவு, காலையில தடம் பாரு. அஞ்சு விரல் தெரிஞ்சா மரநாய், பூனைக்கு நாலுதான். குட்டி சத்தம் கேட்டா வாயை மூடிட்டுக் காத்திரு. ரெண்டு மூணு மாசத்துல அதுங்களே தாயோட வெளிய நடக்கும். அப்புறம் மத்த எல்லாச் சந்தையும் முதல்ல அடை, முக்கிய வாசலை மட்டும் விடு. அந்த வாசல்ல மேல கீல் வச்ச ஒரு தகரக் கதவு, வெளிப்பக்கம் மட்டும் தள்ளித் திறக்கற மாதிரி. போகலாம், வர முடியாது. அஞ்சு ராத்திரி அப்படியே விடு. பேப்பரைச் சுருட்டி வாசல்ல அடைச்சுப் பாரு. மூணு நாள் அசையலைன்னா உள்ள காலி. அப்பத்தான் நிரந்தர அடைப்பு.

அந்த அடைப்பும் எதை வச்சு? ஃபோமை எலியே கடிச்சுத் துப்பும். கோழிவலையைப் பிரிச்சு எடுத்துடும். கொசுவலையைப் பத்தி நான் பேசவே போறதில்ல. அரை இஞ்ச் கட்டம் போட்ட ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசின, பத்தவச்ச இரும்புக் கம்பிவலை), 16 அல்லது 18 கேஜ். சந்தைத் தாண்டி நாலு பக்கமும் ரெண்டு இஞ்ச் மேல ஏறி நிக்கணும். ஆறு இஞ்சுக்கு ஒரு ஸ்க்ரூ, வாஷரோட. ஆணி வேணாம், ஸ்டேப்ளர் வேணவே வேணாம். சிமென்ட் பூசியும் மூடாதீங்க, காத்துப் போகாம கைமரம் உளுத்துடும். ஓடு சும்மா ரீப்பர் கட்டையில தொங்கிட்டு இருக்கறதுதான், யார் வேணா நெம்பலாம். ஓரத்து வரிசையையும் முகட்டையும் கம்பியால கட்டுங்க. மழைத்தண்ணிக் குழாய்ல ரெண்டடி அகலத்துக்கு வழுவழு தகரத்தைச் சுத்துங்க, ஏற முடியாம வழுக்கும். உள்ள சுத்தம் பண்றவங்க மாஸ்க் போட்டு, ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு நனைச்சப்புறம் அள்ளணும். காய்ஞ்சதைக் கூட்டினா தூசி பூரா மூக்குக்குள்ள.

ஆனா இதையெல்லாம் யார் செய்வா? அந்துருண்டை போடுவாங்க, அரைக்கிலோ. அந்த ஆவி காத்தை விட கனம், நேரா கீழ இறங்கி உங்க படுக்கையறைக்குத்தான் வரும். கைக்குழந்தைக்கு ஆபத்து, மரநாய்க்கு லேசா தும்மல். அல்ட்ராசோனிக் டப்பா வாங்குவாங்க. நாலு நாள் கழிச்சு அந்த டப்பா மேலயே புழுக்கை இருக்கும். விஷம் வைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார். 1972 வனவிலங்குச் சட்டம்னு ஒண்ணு இருக்குங்க. பிடிச்சுக் கொண்டுபோய் விட்டுட்டு வர்றதும் உங்க வேலை இல்ல, அது வனத்துறை வேலை. அப்படியே விட்டாலும் வாசல் திறந்திருந்தா அடுத்த வாரம் வேற ஒண்ணு குடிவரும். பெங்களூர்ல அட்வான்ஸ் இல்லாம கிடைக்கற ஒரே வீடு அதுதானே.

கடைசியா கிளை. கூரையிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருக்கணும். ரோட்டு மரத்துல நீங்களா கத்தி வைக்க முடியாது, கர்நாடகாவோட 1976 மரப் பாதுகாப்புச் சட்டம், மாநகராட்சியில மனு கொடுத்து ஆள் வரணும். சரி, மனு கொடுத்து, காத்திருந்து, கிளையும் வெட்டியாச்சுன்னு வைங்க.

அந்தக் கேபிள்?

மரத்துக்கும் மொட்டைமாடிக்கும் நடுவுல கையளவு மொத்தத்துக்குக் கறுப்பு இன்டர்நெட் கேபிள் கத்தை. மரநாய்க்கு அது டிராஃபிக் இல்லாத ஃப்ளைஓவர். அதுல பாதி செத்த கனெக்‌ஷன், யாருதுன்னு யாருக்கும் தெரியாது. மூணு வருஷம் முன்னாடி கட் பண்ணின கேபிளைக் கழட்டிட்டுப் போங்கன்னு போன் பண்ணினா, அந்தப் பக்கம் தேன் மாதிரி ஒரு குரல்: "சார், புது பிளான் ஒண்ணு வந்திருக்கு, போட்டுடலாமா?"